லினக்ஸ் கேள்வி பதில்: எதைத் தூக்கலாம், எதைத் தொடவே கூடாது?

இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல முக்காவாசி ஒரே விஷயத்த சுத்தித்தான் நிக்குது. 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழக்கமான சப்போர்ட் நின்னுச்சு இல்லையா, அதுல இருந்து பழைய கம்ப்யூட்டர தூக்கிப்போட மனசில்லாம நெறைய பேர் லினக்ஸ் பக்கம் வந்திருக்கீங்க, வந்த கையோட "இதுல எது வேணும், எது வேண்டாம்"னு கேக்குறீங்க. அதனால இந்த தடவ முழுக்க அதேதான்.

கேள்வி: லினக்ஸ் மின்ட் 22 போட்டிருக்கிறேன். சினாப்டிக்கைத் திறந்து பார்த்தால் இரண்டாயிரத்துக்கும் மேல் பேக்கேஜ்கள் இருப்பதாகக் காட்டுகிறது. நான் பயன்படுத்துவதோ ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆஃபீஸ், பாட்டுக் கேட்க ஒன்று, அவ்வளவுதான். மற்றதையெல்லாம் நீக்கினால் கம்ப்யூட்டர் வேகமாகும் அல்லவா? எவை மட்டும் அத்தியாவசியம் என்று ஒரு பட்டியல் தர முடியுமா? - ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், தென்காசி

பதில்: ஐயா, வணக்கம். வேகமாகாதுங்க, அத மொதல்லயே சொல்லிடுறேன். டிஸ்க்ல சும்மா கெடக்குற பேக்கேஜ் (சாஃப்ட்வேர கட்டி வெச்ச மூட்டை) ராமையும் திங்காது, ப்ராசஸரையும் திங்காது, எது ஓடிக்கிட்டு இருக்கோ அதுதான் திங்கும். மெதுவா இருக்குன்னு தோணுச்சுன்னா மெனுல ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ்னு இருக்கும், அதுல உங்களுக்கு தேவையில்லாதத ஆஃப் பண்ணுங்க, இன்னும் பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க்தான் உள்ள இருக்குன்னா ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாட்டுங்க. ஆயிரம் பேக்கேஜ் நீக்கினாலும் அந்த வித்தியாசம் வராது.

பட்டியல் கேட்டீங்க இல்லையா, அப்படி ஒரு பட்டியல் நெஜமாவே இருக்கு. மின்ட், உபுண்டு, டெபியன் மூணுமே லினக்ஸ் வகைங்க, மின்ட் உபுண்டு மேல நிக்குது, உபுண்டு டெபியன் மேல நிக்குது. டெபியன்ல ஒவ்வொரு பேக்கேஜ் கூடவும் அதப் பத்தின விவரம் சின்னதா எழுதியிருக்கும், அதுல சிலதுக்கு மட்டும் "எசென்ஷியல்: யெஸ்"னு ஒரு வரி இருக்கும். மொத்தமே ரெண்டு டஜன் அளவுக்குத்தான். பாஷ், கோர்யூட்டில்ஸ், டிபிகேஜி, கிரெப், செட், டார், ஜிஜிப், பெர்ல்-பேஸ், யூட்டில்-லினக்ஸ், இந்த மாதிரி ஆளுங்க. வேடிக்கை என்னன்னா அந்த லிஸ்ட்ல கெர்னல், அதாவது ஹார்ட்வேரையும் சாஃப்ட்வேரையும் இணைக்கிற மையப் பகுதி, இல்ல! லினக்ஸ்னு பேரு வாங்கிக் குடுத்ததே கெர்னல்தான், 1991ல லினஸ் டோர்வால்ட்ஸ் எழுத ஆரம்பிச்சது, ஆனா அது லிஸ்ட்ல கெடையாது. ஏன்னா கன்டெய்னர்னு ஒன்னு இருக்கு, அதுக்குள்ள முழு டெபியனே ஓடும், கெர்னல மட்டும் வெளிய இருக்குற மிஷின் குடுத்துரும். டெஸ்க்டாப்பும் அந்த லிஸ்ட்ல இல்ல, வைஃபைக்கு வேண்டியதும் இல்ல, ஃபயர்பாக்ஸும் இல்ல. அப்போ அந்த லிஸ்ட்ட மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்த தூக்குனா உங்க கம்ப்யூட்டர் பூட்டே ஆகாது. அந்த வரிக்கு டெபியன்காரங்க வெச்சிருக்கற அர்த்தமே வேற: "மத்த எல்லா பேக்கேஜும் இது இருக்குன்னு கண்ண மூடிட்டு நம்பிக்கலாம், எனக்கு இது வேணும்னு தனியா எழுதக்கூட வேண்டாம்". அவ்ளோதான்.

ஆக மிஷினுக்கு எது அத்தியாவசியம்ங்கறது ஒரு கணக்கு, அது சாஃப்ட்வேர போடறதையும் நீக்கறதையும் பாத்துக்கற பேக்கேஜ் மேனேஜருக்கு தெரியும், நாம மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல. உங்களுக்கு எது அத்தியாவசியம்ங்கறது இன்னொரு கணக்கு, அது உங்களத் தவிர யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ரெண்டாவது கணக்க போட்டுட்டு மொதல் கணக்குல கை வெக்கிறப்பதான் வம்பு வருது.

ரெண்டாவது கணக்க எப்படி போடறதுன்னா, ஒவ்வொன்னையும் பாத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இது இன்னிக்கு காணாம போனா இன்னிக்கே திரும்ப போட்டாகணுமா, இல்ல அடுத்த மாசம் ஞாபகம் வரப்போ போட்டுக்கலாமா? இன்னிக்கேன்னா அது அத்தியாவசியம். மத்ததெல்லாம் இருந்தா இருக்கட்டும். ஹிப்னோடிக்ஸ், டிரான்ஸ்மிஷன், வார்ப்பினேட்டர் இதெல்லாம் பிடிக்கலன்னா மெனுல ரைட் கிளிக் பண்ணி தாராளமா எடுத்துருங்க, ஒன்னும் ஆகாது. "லிப்" அப்படின்னு ஆரம்பிக்கிற பேரு எதையும் மட்டும் நீங்களா தொடாதீங்க, அதெல்லாம் அடுத்தவங்க நம்பிக்கிட்டு இருக்குற லைப்ரரி. விதிவிலக்கு லிப்ரே ஆஃபீஸ், அதுக்கும் பேரு அப்படித்தான் ஆரம்பிக்கும்.

கேள்வி: அண்ணே, நான் ப்ரோக்ராமர்லாம் இல்ல, டெய்லரிங் கட வெச்சிருக்கேன். என் மிஷின்ல பைத்தான் இருக்கு. அது ப்ரோக்ராம் எழுதறவங்களுக்குத்தானே, நான் தூக்கிறலாமா? - வாசகி, பொள்ளாச்சி

பதில்: தூக்காதீங்க தங்கச்சி! ஆனா தூக்குனா என்ன ஆகும்னு பாக்கறதுல தப்பில்ல, பாக்குறதுக்கு ஒரு வழி இருக்கு. டெர்மினல் (கமாண்ட் டைப் பண்ற ஜன்னல்) தெறந்து "சூடோ ஆப்ட் ரிமூவ் பைத்தான்3"ன்னு போட்டுப் பாருங்க, அதாவது டைப் பண்றப்போ இங்கிலீஷ் சின்ன எழுத்துல. கூடவே கடைசில "ஹைஃபன் எஸ்"னு சேத்துக்கங்க, அப்போ அது ஒத்திகை மட்டும் பாக்கும், நெஜமா எதையும் நீக்காது. இந்த எஸ்ஸ மறந்துறாதீங்க.

என்டர் தட்டுனதும் "இந்த பேக்கேஜ்கள் நீக்கப்படும்"ங்கற மாதிரி ஒரு வரி வரும், அதுக்கு கீழ பேருங்க கொட்ட ஆரம்பிக்கும். ஸ்க்ரீன் நெறஞ்சு மேல ஓடும். நிதானமா மேல தள்ளி படிச்சீங்கன்னா அதுக்குள்ள "சினமன்" இருக்கும், அது உங்க டெஸ்க்டாப்பேதான், டாஸ்க்பார் மெனு எல்லாம். "மின்ட்அப்டேட்" இருக்கும், அது அப்டேட் மேனேஜர். மின்ட்காரங்க அவங்க டூல்ஸ்ல பெரும்பாலானத பைத்தான்லதான் எழுதியிருக்காங்க. நீங்க பைத்தான் எழுதலைங்க, ஆனா உங்க மிஷின் நாள் முழுக்க பைத்தான்லதான் பேசிக்கிட்டு இருக்கு.

இதே மாதிரி ஒன்னு 2021 நவம்பர்ல உலகமே பாத்துச்சு. கனடாவுல லினஸ் செபாஸ்டியன்னு ஒரு யூடியூபர், பெரிய டெக் சேனல் வெச்சிருக்கவர், லினக்ஸ் சேலஞ்ச்னு சொல்லி பாப் ஓஎஸ்ங்கற லினக்ஸ்ல ஸ்டீம் கேம் சாஃப்ட்வேர இன்ஸ்டால் பண்ணப் போறாரு. நீக்க இல்ல, இன்ஸ்டால் பண்ணத்தான்! அப்போ இருந்த ஒரு டிபென்டன்சி சிக்கல்ல (ஒரு பேக்கேஜ் இன்னொன்ன நம்பி நிக்கிறதுல வர்ற சிக்கல்) ஆப்ட்ங்கற பேக்கேஜ் மேனேஜர் "டெஸ்க்டாப்ப தூக்குனாத்தான் இத போட முடியும்"னு கணக்கு போட்டு, "யெஸ், டூ ஆஸ் ஐ சே"ன்னு முழு வாக்கியத்தையும் டைப் பண்ணாத்தான் செய்வேன்னு எச்சரிக்கை வேற குடுத்துச்சு. அவரும் டைப் பண்ணிட்டாரு. ரீபூட் பண்ணா வெறும் கருப்பு டெர்மினல். அதுக்கப்புறம் ஆப்ட் எழுதறவங்க அந்த வாக்கிய வழியவே எடுத்துட்டாங்க, இப்போ அத்தியாவசியமானத நீக்கணும்னா அதுக்குன்னு தனி ஆப்ஷன் குடுத்தாகணும், தெரியாத்தனமா நடக்காது. அவரக் கிண்டல் பண்ணவங்க நெறைய பேரு, எனக்கென்னமோ தப்பு அவர் மேல கம்மிதான்னு தோணுது, கேம் போட வந்தவருகிட்ட பேக்கேஜ் லிஸ்ட்ட நீட்டுனா அவர் என்ன பண்ணுவாரு. நீங்க மட்டும் "நீக்கப்படும்"னு வர்ற லிஸ்ட்ட எப்பவும் படிச்சுட்டு ஒய் தட்டுங்க. எதிர்பாக்காத பேரு ஒன்னு இருந்தாலும் இங்கிலீஷ் எழுத்து "என்" தட்டிட்டு வெளிய வந்துருங்க.

கேள்வி: யூட்யூப்ல "லினக்ஸ் போட்டவுடனே செய்ய வேண்டிய 25 விஷயங்கள்"னு வீடியோ பாத்து எல்லாத்தையும் போட்டேன் சார். இப்ப டிஸ்க் நெறஞ்சிடுச்சுன்னு வார்னிங் வருது. 40 ஜிபிதான் லினக்ஸுக்கு குடுத்தேன். எத எடுக்கலாம்? - கல்லூரி மாணவர், விருதுநகர்

பதில்: தம்பி, அந்த வீடியோ போடறவங்களுக்கு 25ங்கற எண்ணிக்கைதான் அத்தியாவசியம், சாஃப்ட்வேர் இல்ல. வீடியோவுக்கு விஎல்சி ஒன்னு வேணா வெச்சுக்க. கோடெக்ஸ், அதாவது வீடியோ, பாட்டு ஃபைல பிரிச்சு ஓட்டுறது, போட்டியான்னு மட்டும் பாத்துக்க, மின்ட் மெனுலயே "இன்ஸ்டால் மல்டிமீடியா கோடெக்ஸ்"னு இருக்கும், எச்.264 மாதிரி பேட்டன்ட் விவகாரம் இருக்கறதால அது மின்ட் இன்ஸ்டால் ஃபைல் (ஐஎஸ்ஓ) கூடவே வர்றதில்ல, அது இல்லாம சில வீடியோ ஓடாது, ஆக உன் வயசுக்கு அது அத்தியாவசியம்தான். எம்பி3க்கு அந்தப் பிரச்சன 2017லயே தீந்துருச்சு.

இடத்துக்கு வருவோம். பேக்கேஜ் பேக்கேஜா நீக்கி 40 ஜிபிய மீட்க முடியாது. டிஸ்க் யூசேஜ் அனலைசர தெற, எது பெருசுன்னு வட்டம் போட்டு காட்டும். அனேகமா குற்றவாளி இவங்கள்ல ஒருத்தராத்தான் இருப்பாங்க. மொதல் ஆளு டைம்ஷிஃப்ட் ஸ்னாப்ஷாட், சிஸ்டத்தோட நெலமைய அப்பப்போ நகல் எடுத்து வெக்கிறது, அது லினக்ஸ் இருக்குற அதே பார்ட்டிஷன்ல சேமிச்சிட்டு இருந்தா டெய்லி ஊதும். அடுத்து ஃப்ளாட்பேக், ஆப்ட் இல்லாம ஆப் போடற இன்னொரு வழி, ஒரு சின்ன ஆப் போட்டாலும் அது ஓட வேண்டிய லைப்ரரி மூட்டை (ரன்டைம்) சேந்து நூத்துக்கணக்கான எம்பி வரும், ஆப்ப எடுத்தாலும் ரன்டைம் நின்னுரும், "ஃப்ளாட்பேக் அன்இன்ஸ்டால் ஹைஃபன் ஹைஃபன் அன்யூஸ்டு" போட்டா அது போகும். அப்புறம் ஆப்ட் டவுன்லோட் பண்ணி வெச்ச பழைய ஃபைல், "சூடோ ஆப்ட் க்ளீன்" போட்டா காலி. பழைய கெர்னல அப்டேட் மேனேஜர்லயே பாத்து எடுக்கலாம், ஓடிட்டு இருக்கறதும் அதுக்கு முந்துனதும் இருக்கட்டும், மத்தது போகட்டும். இவ்ளோ பண்ணியும் இடம் வரலன்னா உன் டவுன்லோட்ஸ் ஃபோல்டர பாரு, அத நான் சொல்ல வேண்டியதில்ல.

"ஆட்டோரிமூவ்" பத்தி ஒரு வார்த்த. யாருக்கும் தேவப்படாத பேக்கேஜ கண்டுபிடிச்சு தூக்கும், நல்ல கமாண்ட்தான். ஆனா மெட்டா பேக்கேஜ்னு ஒரு ஜாதி இருக்கு, மளிகைக் கட லிஸ்ட் மாதிரி, அதுக்குள்ள சாமான் ஒன்னும் இருக்காது, "இதெல்லாம் வேணும்"னு பேரு மட்டும் எழுதியிருக்கும். காலியாத்தானே இருக்குன்னு அத நீ நீக்கிட்டா லிஸ்ட்ல இருந்த சாமான் எல்லாம் அனாதையாயிரும், அடுத்த ஆட்டோரிமூவ் அத்தனையையும் வாரிட்டுப் போயிரும். "மின்ட்-மெட்டா"ன்னு ஆரம்பிக்கறத தொடாத. அந்த 25ல நீ போட்டது எதுன்னு மறந்துட்டியா, "வார்" ஃபோல்டர்ல "லாக்", அதுக்குள்ள "ஆப்ட்", அதுல ஹிஸ்டரி.லாக்னு ஒரு ஃபைல் இருக்கு, என்னிக்கு எத இன்ஸ்டால் பண்ணேன்னு தேதியோட எழுதி வெச்சிருக்கும். அத வெச்சு ஒவ்வொன்னா பின்னாடி போ.

கேள்வி: ஆன்ட்டிவைரஸ் போடணுமா? - திருச்சி

பதில்: வீட்டு கம்ப்யூட்டருக்கு வேண்டாம். எல்லாரும் சொல்ற கிளாம்ஏவி பெரும்பாலும் தேடுறதே விண்டோஸ் வைரஸத்தான், மெயில் சர்வர்ல அதுக்கு வேல இருக்கு, ஜெராக்ஸ் கட மாதிரி ஊரு பென்ட்ரைவ் எல்லாம் வந்து போற எடத்துலயும் இருக்கு. பின்னாடி ஓடுற மாதிரி வெச்சா அது மட்டுமே 1 ஜிபி ராமுக்கு மேல பிடிச்சு வெச்சுக்கும். அதுக்கு பதிலா வர்ற அப்டேட்ட தள்ளிப்போடாம போடுங்க.

கேள்வி: சாஃப்ட்வேர் எவ்ளோ கம்மியா இருக்கோ அவ்ளோ பாதுகாப்புன்னு ஆஃபீஸ்ல ஒருத்தர் சொல்றாரு. அப்படியா? - ஓசூர்

பதில்: பாதி சரி. 2024 மார்ச்ல நடந்தத சொல்றேன், நீங்களே பாருங்க. எக்ஸ்இசட்னு ஒரு கம்ப்ரஷன் சாஃப்ட்வேர், யாரும் அத தேடிப்போய் இன்ஸ்டால் பண்ணதில்ல, ஆனா கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ்லயும் இருக்கும், டெபியன்ல பேக்கேஜ பிரிக்கறதுக்கே அதோட லைப்ரரி வேணும். அதோட 5.6.0, 5.6.1 ரெண்டு வெர்ஷன்லயும் ஒரு பின்வாசல வெச்சு அனுப்பிட்டாங்க, ரொம்ப நாளா நல்ல பிள்ளையா உழைச்சு நம்பிக்கை சம்பாதிச்ச ஒரு ஐடில இருந்து. ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட்னு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல வேல பாக்குற இன்ஜினியர், தன் டெபியன் மிஷின்ல எஸ்எஸ்எச் (தூரத்துல இருந்து மிஷினுக்குள்ள நுழையற வழி) லாகின் வழக்கத்த விட அர செகண்டு கூட எடுக்குதேன்னு நோண்டப் போயி கண்டுபிடிச்சாரு. அர செகண்டுங்க! நம்மள்ல யாரு அத கவனிச்சிருப்போம். நல்லவேளையா டெபியன் ஸ்டேபிள், உபுண்டு, மின்ட் மாதிரி ஸ்டேபிள் ரிலீஸ்ல அந்த வெர்ஷன் போய்ச் சேரல, டெஸ்டிங் பக்கம் இருந்தவங்கதான் பதறுனாங்க.

இதுல கவனிக்க வேண்டியது, அது நீங்க நீக்க முடியாத பேக்கேஜ். கம்மியா வெச்சிருந்தாலும் அது இருந்திருக்கும். ஆனா அந்த பின்வாசல் வேல செய்யணும்னா வெளிய இருந்து கனெக்ஷன் வாங்குற எஸ்எஸ்எச் சர்வர் ஓடணும். வீட்டு லேப்டாப்புக்கு அது எதுக்கு? அதனால எண்ணிக்கைய விட்டுட்டு எது வெளிய காத தெறந்து வெச்சிருக்குன்னு பாருங்க. டெர்மினல்ல "சூடோ எஸ்எஸ்" போட்டு ஒரு ஸ்பேஸ் விட்டு ஹைஃபன் டிஎல்என்பி போடுங்க, எந்தெந்த ப்ரோக்ராம் எந்த போர்ட்ல காத்துக்கிட்டு இருக்குன்னு காட்டும். 127ல ஆரம்பிக்கறது உங்க மிஷினுக்குள்ளயே பேசிக்கறது, பரவால்ல. மத்ததுல உங்களுக்கு வேண்டாதது இருந்தா அதத்தான் மொதல்ல நீக்கணும். ஃபயர்வால ஆன் பண்ணி விடுங்க, மின்ட்லயே இருக்கு, ஒரு சுவிட்ச்தான்.

கேள்வி: தமிழ் டைப்பிங்கிற்கு என்னென்ன போட வேண்டும்? கீபோர்டு லேஅவுட்டில் தமிழ் 99 சேர்த்தேன், ஆனால் புள்ளி தானாக விழ மாட்டேன் என்கிறது. பழைய வானவில், பாமினி கோப்புகளும் நிறைய இருக்கின்றன. - சிற்றிதழ் நடத்துபவர், நாகர்கோவில்

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த தடவ உக்காந்தேன்னு வெச்சுக்கங்க. அத்தியாவசிய லிஸ்ட்னு நெட்ல சுத்துற எதுலயும் இது வராது, ஆனா நமக்கு பிரௌசருக்கு அடுத்து இதுதான்.

நீங்க சேத்தது வெறும் கீபோர்டு லேஅவுட். அது ஒரு கீ தட்டுனா ஒரு எழுத்து போடும், முந்தி என்ன தட்டுனீங்கன்னு அதுக்கு ஞாபகம் இருக்காது. தமிழ் 99ஓட அழகே அந்த ஞாபகத்துலதான் இருக்கு: "அம்மா" அடிக்க அ, ம, ம, ஆ தட்டுனா போதும், ரெண்டு ம அடுத்தடுத்து வந்தா முன்னாடி உள்ளதுக்கு தானா புள்ளி விழணும், ங பக்கத்துல க வந்தாலும் அப்படித்தான். இதுக்கு இன்புட் மெத்தட் வேணும். ஐபஸ், கூட எம்17என் ரெண்டும் போடுங்க, அதுல தமிழ் 99, ஃபொனெட்டிக், டைப்ரைட்டர், இன்ஸ்க்ரிப்ட் எல்லாம் இருக்கு. மின்ட் மெனுல இன்புட் மெத்தட்னு தேடுனா வழிகாட்டும். போட்டு முடிச்சதும் லாக்அவுட் பண்ணி உள்ள வரணும், அது பண்ணாம "வேல செய்யல"ன்னு எழுதறவங்கதான் அதிகம். நீங்க சேத்த லேஅவுட்ட எடுத்துருங்க, ரெண்டும் இருந்தா ஒன்னோட ஒன்னு முட்டிக்கும்.

ஃபான்ட்டுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் ரெண்டும் போதும், பத்திரிகைங்கறதால செரிஃப் உங்களுக்கு கண்டிப்பா வேணும். லோஹித் ஏற்கனவே இருந்தா இருக்கட்டும். பழைய கோப்புங்களுக்கு, அந்தந்த ஃபான்ட் ஃபைல உங்க ஹோம் ஃபோல்டர்ல ஃபான்ட்டுக்குன்னு இருக்குற எடத்துல போட்டா தெறந்து படிக்கலாம், ஆனா தேட முடியாது, உள்ள இருக்கறது தமிழ் எழுத்தே இல்ல, இங்கிலீஷ் எழுத்துக்கு தமிழ் வேஷம். கன்வர்ட்டர்ல போட்டு யுனிகோடுக்கு மாத்தி வெச்சிருங்க. அச்சுக்குப் போன பழைய இதழ் மட்டும்தான் கைல இருக்கு, கோப்பு இல்லன்னா டெசராக்ட்னு ஓசிஆர் (ஸ்கேன் படத்துல இருக்குற எழுத்த டெக்ஸ்ட்டா மாத்துறது) இருக்கு, அதுக்கு தமிழ் டேட்டா தனி பேக்கேஜ், சேத்து போடணும். சுத்தமா ஸ்கேன் பண்ண பக்கத்துல நல்லாவே வருது, மங்கலான பக்கத்துல ன, ண, ள எல்லாம் குழப்பும், ப்ரூஃப் பாக்க ஒரு ஆள் வேணும்.

கேள்வி: கடைக்கு டேலி, ஒரு பழைய லேசர் பிரிண்டர். லினக்ஸ் போதுமா? - சிவகாசி

பதில்: டேலி விண்டோஸுக்குத்தான் வருது. விண்டோஸ் சாஃப்ட்வேர லினக்ஸ்ல ஓட்டுற வைன்ல போட்டு சில பேரு ஓட்டுறாங்க, ஆனா ஜிஎஸ்டி தாக்கல் கடைசி தேதில அது மொறச்சா யாரையும் கேக்க முடியாது. அந்த ஒரு மிஷின் விண்டோஸாவே இருக்கட்டும்ங்க, மத்தத மாத்துங்க. பிரிண்டர், புது மாடல் பலதும் டிரைவர் இல்லாமலே கப்ஸ்ங்கற லினக்ஸ் பிரிண்ட் சாஃப்ட்வேர் வழியா ஓடும், பழைய சின்ன லேசர் சிலது கம்பெனி தனக்குன்னு வெச்சிருக்கற மொழிலதான் பேசும், அதுங்க படுத்தும். பென்ட்ரைவ்ல லைவ் மின்ட் போட்டு இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடியே ஒரு பக்கம் அடிச்சுப் பாத்துருங்க.

கேள்வி: அக்காவுக்கு ஸ்கூல்ல குடுத்த பழைய கவர்மென்ட் லேப்டாப் சும்மா கெடக்கு. 2 ஜிபி ராம். அதுல குறைந்தபட்சம் என்ன போட்டா நான் படிக்க யூஸ் பண்ணலாம்? - பிளஸ் டூ மாணவி, மணப்பாறை

பதில்: மொதல்ல லினக்ஸ் டெர்மினல்ல "எல்எஸ்சிபியு"ன்னு டைப் பண்ணி 64 பிட்டான்னு பாரும்மா. 32 மட்டும்னா வழி குறைஞ்சிட்டே வருது, 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13ல 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரே கெடையாது, டெபியன் 12தான் போடணும், அதுக்கு 2028 ஜூன் வரைக்கும் அப்டேட் வரும். 64ன்னா லேசான டெஸ்க்டாப்போட வர்ற மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போடு, 2 ஜிபிதான் அவங்க சொல்ற குறைந்தபட்சமே, ஆக இழுத்துப் பிடிச்சுத்தான் ஓடும். இந்த மிஷின்ல ராம தின்னப்போறது பிரௌசர் ஒன்னுதான். விளம்பரத்த தடுக்குற யூபிளாக் ஆரிஜின் போடு, டேப் மூணுக்கு மேல தெறக்காத, பாடப்புத்தகம் பிடிஎஃப்ப டவுன்லோட் பண்ணி வெச்சு பிரௌசருக்கு வெளிய படி. இசட்ராம்னு ஒன்னு இருக்கு, ராமையே சுருக்கி சுருக்கி கூடுதலா எடம் பண்ணிக் குடுக்கும், அந்த பேக்கேஜ் இந்த லேப்டாப்புக்கு நெஜமாவே வேணும். முடிஞ்சா கடைல குடுத்து இன்னொரு ராம் ஸ்டிக் மாட்டச் சொல்லு, பழைய டிடிஆர்3 செகண்ட் ஹேண்ட்ல கெடைக்கும்.

கேள்வி: எதையாவது நீக்கி கெடுத்துட்டா திரும்ப வர என்ன வழி? டைம்ஷிஃப்ட் போதும்தானே? - ஈரோடு

பதில்: சிஸ்டத்துக்கு போதும். நீக்குறதுக்கு முன்னாடி ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்க, டெஸ்க்டாப்பே வரலன்னாலும் லைவ் பென்ட்ரைவ்ல பூட் பண்ணி அதுல இருக்குற டைம்ஷிஃப்ட்ட வெச்சு பழைய நெலமைக்கு கொண்டு வந்துறலாம். ஆனா டைம்ஷிஃப்ட் வழக்கமா உங்க ஹோம் ஃபோல்டர எடுக்காது, அத வேணும்னேதான் அப்படி வெச்சிருக்காங்க, சிஸ்டத்த போன வாரத்துக்கு தள்ளுறப்போ நேத்து எழுதுன லெட்டரும் சேந்து போயிறக்கூடாதுன்னு. அதனால உங்க ஃபோட்டோ, கணக்கு, பத்திர ஸ்கேன் எதுவும் அதுல இருக்காது. அதுக்கு மின்ட்லயே பேக்கப் டூல்னு இன்னொன்னு இருக்கு, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்னு வாங்கி அதுல போடுங்க, போட்டுட்டு அந்த டிஸ்க்க கழட்டி வெச்சிருங்க.